வீக்கத்துக்கு இடம்

என் கூடப் பிறந்த அக்காவின் தலையில் கை வைத்துச் சொல்கிறேன். கீழே வருவதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. இருந்தால் அவள் தலை சுக்குநூறாக வெடிக்கட்டும். சாதாரணமாக நான் சத்தியம் செய்கிற ஆள் இல்லை. என்னை அறிந்தவர்கள் நான் சத்தியம் செய்தாலும் நம்புவதில்லை என்பதால் அந்தப் பழக்கத்தையே விட்டுவிட்டேன். இது அக்கா விஷயம் என்பதால் ஒரு விதிவிலக்கு.

அக்காவுக்கு அப்போது வயது எழுபத்து மூன்று. காது நன்றாகக் கேட்கும். கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோப்பாள். முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்னால் தகவல் சொல்லும். இவை எல்லாவற்றையும்விட உறுதியாக இருந்தது நாக்கு. அந்த நாக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒருமுறை நிறுத்தத்தில் நிற்காமல் போன பேருந்தை அவள் நின்ற இடத்திலிருந்தே நாலு வார்த்தை கேட்டாள். பேருந்து அடுத்த முனையில் திரும்பி வந்து, அவளை ஏற்றிக்கொண்டு, வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனது. உள்ளே இருந்தவர்கள் யாரும் முணுமுணுக்கக்கூட இல்லை. இன்னொரு முறை தொலைபேசியில் எரிவாயு அலுவலகத்துக்காரரோடு அவள் பேசிக்கொண்டிருந்தபோது அடுப்பின் மேல் இருந்த பால் பொங்கி வழிந்தது. எரிவாயு தீர்ந்துபோய்விட்டது என்று சொல்லத்தான் பேசிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் நாற்பது வருஷம் அவளோடு வாழ்ந்து அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். அவருடைய குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அவர்களுக்கு ஒரே மகள். பிறந்தபோது சுண்டுவிரல் அளவுக்கு இருந்தாளாம், அதனால் சுண்டு. வளர்ந்து, கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம் வந்த பிறகும் பெயர் மாறவில்லை. சுண்டு நர்ஸ் படிப்புப் படித்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் வேலையும் பார்த்தாள். ஒருநாள் அதை விட்டுவிட்டு, கடைவீதியில் செருப்புக் கடைக்கும் சாவி வெட்டுகிற கடைக்கும் நடுவில் சின்ன இடம் பிடித்து, காது மூக்கு புருவம் உதடு என்று கேட்ட இடத்தில் குத்திவிடுகிற கடை போட்டாள். வெள்ளைச் சுவர், சாய்கிற நாற்காலி, தலைக்கு மேலே பெரிய விளக்கு, கருவிகளை நீராவியில் வேகவைக்கிற ஒரு பெட்டி. பார்த்தால் பல் டாக்டர் அறை மாதிரி இருக்கும். அலறல் மட்டும் கொஞ்சம் குறைவு.

கடை திறந்த அன்று அக்காவும் போனாள். வந்தவர்கள் எல்லோரும் கையில் குளிர்பானத்தோடு நின்றிருந்தார்கள். அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஆளுங்க உடம்புல ஓட்டை போடறதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?" என்றாள். ஒரே ஒரு வாக்கியம். அக்காவின் கணக்கில் அது கிட்டத்தட்டப் பாராட்டு. ஆனால் சுண்டுவும் அதே வயிற்றில் பிறந்தவள். குளிர்பானத்தை மேஜையில் வைத்துவிட்டு உள்ளறைக்குள் போனவள்தான். அதற்குப் பிறகு அம்மா வீட்டுப் படியை மிதிக்கவில்லை. மூன்று வருஷம் ஓடிப்போயிற்று.

அந்த மூன்று வருஷமும் அக்கா சுண்டுவைப் பற்றிப் பேசவே இல்லை. சாயங்காலம் நான் போய் உட்கார்ந்தால், இருட்டும்வரைக்கும், சுண்டுவைப் பற்றித் தான் பேசவே போவதில்லை என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாள்.

"நீயே போய்ப் பேசேன்க்கா," என்றேன் ஒருநாள் காலையில்.

"போனா என் வாய் சும்மா இருக்குமாடா? எதையாவது சொல்லித் தொலைப்பேன். அப்புறம் இன்னொரு மூணு வருஷம் ஆகும். அவ்வளவு நாள் நான் இருப்பேனா?"

"அப்ப ஃபோன் பண்ணு."

"எடுக்க மாட்டா. என் பொண்ணுடா அவ. அவ இடத்துல நானா இருந்தா நானும் எடுக்க மாட்டேன்."

எழுந்து ஜன்னல் கதவைச் சாத்தினாள். பிறகு, "கடைக்கு வர்ற கஸ்டமரை யாரும் வெளிய போன்னு சொல்ல முடியாதுல்ல?" என்றாள்.

"முடியாது."

"அப்ப காது குத்திக்கப் போறேன். கிளம்பு."

"உனக்குத்தான் ஏற்கெனவே காதுல ஓட்டை இருக்கேக்கா."

"பக்கத்துல இடம் காலியாத்தானே இருக்கு? என்ன, வாடகைக்கு விட்டிருக்கேனா?"

நாங்கள் போனபோது கடைச் சோபாவில் ஒரு லாரி ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு கையும் என் இடுப்பு அளவுக்கு இருக்கும். புருவம் குத்திக்கொள்ள வந்திருந்தார். பழைய பத்திரிகை ஒன்றைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்ததை வைத்து, தைரியமாகத்தான் இருக்கிறார் என்று நான் புரிந்துகொண்டேன். திரையை விலக்கிக்கொண்டு சுண்டு வந்தாள். கையில் கறுப்புக் கையுறை. அம்மாவைப் பார்த்ததும் அவள் முகம் கடை ஷட்டர் மாதிரி இறங்கியது.

"வாங்க. என்ன வேணும்?"

பிறந்ததிலிருந்து 'நீ, வா, போ' என்று பேசிய மகள் பெற்றவளுக்கு மரியாதை கொடுத்து நான் அன்றுதான் கேட்டேன். இத்தனை மரியாதை எதிரிக்குக்கூட வரக்கூடாது. அக்கா வாயைத் திறந்தாள். நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன்.

"காது," என்றாள் அக்கா.

"உள்ள வாங்க. காதுன்னா ரெண்டு நிமிஷம்தான். குத்தினதும் கிளம்பிடலாம்."

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ரெண்டு நிமிஷமா? மூக்கு?"

"அதுவும் அவ்வளவுதான்."

"புருவம்?"

"கொஞ்சம் கூட ஆகும்."

துணிக்கடையில் எதைப் பிரித்துக் காட்டினாலும் 'வேற?' என்று கேட்கிறவள் மாதிரி அக்கா தலையை ஆட்டினாள். "எதுக்கு ரொம்ப நேரம் ஆகும்?"

"நாக்குக்கு. குத்தினதும் அரை மணி நேரம் இங்கேயே உக்கார வச்சுப் பார்ப்போம். வீங்கும். பேசக் கூடாது. முதல் நாள் யாராவது கூடவே இருந்து கவனிக்கணும். ஏன் கேக்கறீங்க?"

"நாக்குல குத்து," என்றாள் அக்கா.

லாரி ஓட்டுநர் பத்திரிகையைக் கீழே வைத்தார்.

சுண்டு என் பக்கம் திரும்பினாள். "மாமா, இது என்ன விளையாட்டு? கூட்டிட்டுப் போங்க."

"நான் சொல்லி உங்கம்மா என்னைக்குமா கேட்டிருக்கா? நீ வேணும்னா சொல்லிப் பாரு."

"இந்த வயசுல யாரும் நாக்கு குத்திக்க மாட்டாங்க."

"என் நாக்கு, என் இஷ்டம். கடைக்கு வந்தவங்ககிட்ட இப்படித்தான் பேசுவியா? முதலாளி எங்க? கூப்பிடு."

"நான்தான் முதலாளி."

"அப்ப உன்கிட்டயே உன்னைப் பத்திப் புகார் குடுக்கறேன்."

சுண்டு அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, எல்லோரிடமும் கேட்கிற கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். சுகர் இருக்கிறதா? இல்லை. பிரஷர்? "எனக்கு இல்ல. என்கிட்ட பேசறவங்களுக்கு வரும்." ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை? "முழங்காலுக்குத் தைலம் மட்டும்தான். அதைச் சாப்பிடறதில்ல." எதுவாவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா? அக்காவின் கண்ணில் ஒரு மின்னல் ஓடியது. நான் பலமாக இருமினேன். "ஒண்ணும் இல்ல," என்றாள். சுண்டுவின் உதட்டோரம் ஒரு நூல் அளவுக்கு அசைந்ததை நான் பார்த்தேன்.

அந்தக் கடையில் ஒரு முறை உண்டு. செய்யப்போவது எதுவானாலும் முதலில் வாயால் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். நாற்காலியில் இருப்பவர் திடுக்கிட்டுத் துள்ளிவிடக் கூடாதே, அதற்காக. ஆளைப் பார்க்கவே பிடிக்காவிட்டாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். மூன்று வருஷமாக அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசாதவள் இப்படிப் பேச ஆரம்பித்தாள்.

"இந்த மருந்துத் தண்ணியால வாயைக் கொப்பளிங்க. சரி. இப்ப நாக்கை நீட்டுங்க. துடைக்கறேன். இப்ப அடியில வெளிச்சம் அடிச்சு ரத்தக் குழாய் எந்தப் பக்கமாப் போகுதுன்னு பாக்கறேன். குத்தற இடத்துல மையால ஒரு புள்ளி வைக்கறேன். இப்ப இடுக்கி போடறேன். இனிமே உங்களால பேச முடியாது."

கடைசி வாக்கியத்தை அவள் எத்தனையோ பேரிடம் சொல்லியிருப்பாள். அன்று அதைச் சொல்லிவிட்டு அவளே நின்றுவிட்டாள். இடுக்கியின் இரண்டு வளையங்களுக்கு நடுவில் அக்காவின் நாக்கு, விளக்கு வெளிச்சத்தில், கைது செய்யப்பட்டது மாதிரி இருந்தது. மூலையில் நீராவிப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. தான் பேசும்போது அம்மாவால் குறுக்கே பேச முடியாத நிமிஷம் ஒன்று சுண்டுவின் ஆயுசில் அன்றுதான் முதல் தடவையாக வாய்த்தது.

"மூச்சை நல்லா இழுங்க," என்றாள். ஊசி கையில் இருந்தது. "கடை திறந்த அன்னிக்கு நீ சொன்னது வாசல் வரைக்கும் கேட்டுச்சு. விடுங்க. மறுபடியும் இழுங்க. வந்தவங்க எல்லாம் என் முகத்தைப் பாக்காம தரையைப் பாத்தாங்க. மெதுவா விடுங்க. நாக்கை அசைக்காதீங்க. அதுக்கப்புறமாவது ஒரு தடவை வந்திருக்கலாம். வழியாப் போற மாதிரியாவது வந்திருக்கலாம். இழுங்க."

அக்கா இழுத்தாள். திரை உள்பக்கமாக வந்தது. விட்டாள். திரை வெளிப்பக்கமாகப் போனது. அது ஒதுங்கிய இடைவெளியில் லாரி ஓட்டுநர் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"இப்ப குத்தறேன்," என்றாள் சுண்டு.

ஊசி வளைந்தது. கேள்விக்குறி மாதிரி வளைந்த அதை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, கழிவு ஊசி போடுகிற பெட்டியில் போட்டாள். புது ஊசி எடுத்து, உறையைப் பிரித்து, "இப்ப குத்தறேன்," என்றாள். அதுவும் வளைந்தது. மூன்றாவது ஊசியை எடுத்தவள் உடனே குத்தவில்லை. அம்மாவின் காதருகில் குனிந்தாள்.

"கொஞ்சம் விட்டுக் குடும்மா," என்றாள்.

மூன்றாவது ஊசி வாழைப்பழத்தில் இறங்குவது போல இறங்கியது. ஊசி போன வழியிலேயே கம்பியைச் செலுத்தி, முனையில் ஒரு குண்டைத் திருகி, இடுக்கியை எடுத்தாள். ஒரு துளி ரத்தம் வந்தது, அவ்வளவுதான். திரைக்கு வெளியே பீரோ விழுந்தது போல ஒரு சத்தம். எட்டிப் பார்த்த லாரி ஓட்டுநர் மயங்கி விழுந்திருந்தார். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்து, தன் புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை.

பிறகு அரை மணி நேரம் அக்கா ஐஸ் சில்லுகளை வாயில் போட்டுக்கொண்டு, கழுத்தில் ஒரு துண்டோடு உட்கார்ந்திருந்தாள். கம்பியின் குண்டு பல்லில் பட்டு 'டிக்' என்றது. கையைக் காற்றில் ஆட்டி எழுதிக் காட்டி, பேனா கேட்டாள். மேஜையில் இருந்த இரண்டு பேனாக்களும் ஏற்கெனவே என் சட்டைப் பைக்குள் இருந்தன. நாக்கு செய்கிற எதையும் அக்காவின் கையெழுத்தும் செய்யும். அவளுடைய கைபேசி எப்படியோ என் குடைக்குள் போயிருந்தது.

சுண்டு கையுறையைக் கழற்றினாள். "இன்னிக்கு யாராவது கூட இருக்கணும். மாமா, நீங்க இருங்க."

"தாராளமா இருக்கலாம்மா. ஆனா எனக்கு ரத்தத்தைப் பாத்தா மயக்கம் வந்துடும்."

"இவ்வளவு நேரம் பாத்துட்டுத்தானே நின்னீங்க?"

"அதான் இப்ப வருது," என்று சொல்லி, லாரி ஓட்டுநர் விழுந்த அதே இடத்தில் நிதானமாகப் படுத்துக்கொண்டேன்.

அவள் விளக்கை அணைத்து, ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஷட்டரை இறக்கினாள். மூவரும் ஒரே வாடகைக் காரில் போனோம். ஓட்டுநர் கேட்ட எதற்கும் அக்கா பதில் சொல்லாததைப் பார்த்து, என்ன அடக்கமான அம்மா என்று வியந்தார். சுண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வீக்கம் ஆரம்பித்தது. முதலில் நாக்கு வாயை நிரப்பியது. அங்கே இடம் போதாமல் ஒரு கன்னத்தை எடுத்துக்கொண்டது. பிறகு மற்றக் கன்னத்தையும் கேட்டது. சுண்டு முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி, தலையை உயரமாக வைத்து, ஐஸ் கொடுத்தாள். முதல் துண்டு நாக்கில் பட்டதும் பழுக்கக் காய்ந்த இரும்பில் தண்ணீர் ஊற்றியது போல 'சுர்ர்' என்று சத்தம் வந்தது. எழுந்த ஆவியில் என் மூக்குக் கண்ணாடி மங்கிப்போய், துடைத்துப் போட்டுக்கொண்டேன். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தாள். ஆறிய பாலைக் கரண்டியால் ஊட்டினாள். சூடாக எதுவும் கூடாது, காரம் கூடாது, கம்பியைக் கையால் தொடக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினாள். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் ஒத்துக்கொண்டு தலையாட்டியதை எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டுத் தையல்காரர். கழுத்தில் அளவு நாடா தொங்க, முகத்தைத் துக்கம் விசாரிக்க வருகிறவர் மாதிரி வைத்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நேரமா மேல சத்தமே இல்ல," என்றார் என்னிடம், தாழ்ந்த குரலில். "எப்ப ஆச்சு?"

உள்ளே இருந்து ஒரு தலையணை பறந்து வந்து அவர் நெஞ்சில் பட்டது. "நல்லது, நல்லது," என்று மகிழ்ச்சியாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஆபத்து சமையலறையிலிருந்து வந்தது. சுண்டு பால் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, கூடவே கிடந்த கரண்டிகளையும் கழுவி, அடுப்பு மேடையில் இருந்த டப்பாவில் தலைகீழாகச் செருகினாள். அக்கா வீட்டில் கரண்டியின் கைப்பிடிதான் கீழே இருக்க வேண்டும். அது பூமி சூரியனைச் சுற்றுவது மாதிரி ஒரு ஏற்பாடு. கட்டிலில் இருந்தே அக்கா அதைப் பார்த்துவிட்டாள். வாக்கியம் ஒன்று அவளுக்குள் கிளம்புவது வெளியே தெரிந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. தொண்டை அசைந்தது. வாக்கியம் நாக்கு வரைக்கும் வந்தது. அங்கே வழி அடைத்திருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. அக்காவுக்கு ஒரு விக்கல் வந்தது, அதோடு சரி.

வெயில் தாழ்ந்த நேரத்தில், ஐஸ் பெட்டி காலியானபோது, வீக்கம் ஒரு இழை குறைந்தது. அக்கா நாக்கை மெல்லப் புரட்டிப் பார்த்தாள். 'டிக்' என்று சத்தம் கேட்டது. வாய் திறந்தது. நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். சுண்டு கையில் துண்டோடு அப்படியே நின்றாள்.

"கம்பி ரொம்ப நீளம்," என்றாள் அக்கா. வார்த்தைகள் ஈரத்துணியில் சுற்றி வைத்த மாதிரி வந்தன.

போச்சு, என்று நினைத்தேன். மூன்று வருஷம் கழித்து, மகளின் வேலையைப் பார்த்து, வாயைத் திறந்ததும் சொன்ன முதல் வார்த்தை ஒரு குற்றம். சுண்டுவின் தாடை இறுகியது.

"நீளமாத்தான் இருக்கும். வீக்கத்துக்கு இடம் விடணும். இல்லன்னா கம்பி நாக்குக்குள்ள புதைஞ்சுடும். வீக்கம் வடிஞ்சதும் சின்னதா ஒண்ணு மாத்தணும்."

"யாரு மாத்துவா?"

"நான்தான்."

"எப்ப?"

"ரெண்டு மூணு வாரம் ஆகும்."

அக்கா யோசித்தாள். குண்டு பல்லில் பட்டுக்கொண்டே இருந்தது. "அதுவரைக்கும் வடிஞ்சிருச்சா இல்லயான்னு தினம் யாரு பாப்பா?"

"தினம் பாக்கணும்னு ரூல் எல்லாம் இல்ல."

"கடை முதலாளி நீதானே?" என்றாள் அக்கா. "ரூல் போடு."

சுண்டு துண்டை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். பிறகு சமையலறைக்குள் போனாள். உள்ளே கரண்டிகள் உரசும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். எல்லாவற்றையும் உருவி எடுத்து, கைப்பிடி கீழே வரும்படி ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

"தினம் சாயங்காலம் பாக்கணும்," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "நானே வந்து பாப்பேன். அதுதான் ரூல். இப்ப வாயை மூடு. பேசக் கூடாது."

அக்கா என்னை அருகில் வரச் சொல்லிச் சாடை காட்டினாள். குனிந்தேன்.

"பெரிய கரண்டி அந்தக் கோடியில இருக்கணும்டா," என்றாள் என் காதில்.

"ரூல்க்கா," என்றேன்.

வாயை மூடிக்கொண்டாள்.

இதெல்லாம் நடந்து நாளாயிற்று. இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்திருக்க வேண்டும். சுண்டு கடையை மூடிவிட்டு, தினம் சாயங்காலம் வந்து, டார்ச் விளக்கை அடித்து அம்மாவின் நாக்கைப் பார்க்கிறாள். "இன்னும் வடியல," என்கிறாள். "எனக்கும் அப்படித்தான் படுது," என்கிறாள் அக்கா. பிறகு இருவரும் டார்ச்சை அணைத்துவிட்டுச் சண்டை போட உட்காருகிறார்கள். கம்பி குத்தியதால் அக்காவின் பேச்சுக்கு ஒரு குறைவும் வரவில்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் 'டிக்' என்று ஒரு முற்றுப்புள்ளி விழுகிறது, அது மட்டும்தான் புதிது. மாற்றுவதற்காகக் கொண்டுவந்த சின்னக் கம்பி உறை பிரிக்காமல் குளிர்பதனப் பெட்டியின் மேல் இருக்கிறது. இப்படி வருஷக்கணக்கில் வடியாத வீக்கம் எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை என்று சுண்டுவே ஒத்துக்கொள்கிறாள்.

நம்பாதவர்களுக்காக மறுபடியும் அக்கா தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன்.

என் அப்பா அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை.